வனப்பை உதறிய அம்மையார்

திருத்தொண்டர் அறுபத்துமூவருள் மகளிராய் விளங்குவோர் மூவர். மங்கையர்க்கரசியார் பாண்டிமாதேவியார். இசைஞானியார் நம்பியாரூரரை ஈன்ற அன்னையார். இவ்விருவரும் ஒருவர்க்குத் தேவியாராயும் ஒருவர்க்குத் தாயாராயும் உலகத்தாரால் அறியப்படுவர். மூன்றாமவராகிய காரைக்கால் அம்மையாரோ மனைவி என்னும் நிலையை நீங்கியபின்னரே தமக்குரிய பெயரைப் பெற்றார். மக்களைப் பெறாமலே அம்மை எனப்பட்டார். சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையைத் தொழுது செல்லும் அன்பர்கள், ஏனையோரெல்லாம் நின்ற கோலத்தினராக, ஒருவர் மட்டும் எலும்பும் நரம்புமாய் வற்றிய உருவத்தோடு அமர்ந்திருத்தலைக் கண்டிருப்பர். அவ்வுருவத்தின் முன் வந்தவுடன் சிறு குழந்தைகள் அன்னையின் முன்றானையைப் பற்றிக்கொள்ளுதலை யாமே பலகாற் கண்டிருக்கின்றோம்.

அவ்வுருவம் அவர்க்கு நோயால் வந்ததன்று, முதுமையால் வந்ததுமன்று. கட்டிளம்பருவத்தில், பேரழகியாய் இருந்த ஒருவர், தாமே வேண்டிப் பெற்றது அது. உலகத்துப் பெண்கள் இல்லாத அழகை வேண்டி வருந்துவர். இவரோ உள்ள அழகை வேண்டாமென்று இறைவனிடம் திருப்பிக் கொடுத்தவர். அஃது ஏன் என்பதை அவர் வரலாற்றின் வழியாகவே ஈண்டு ஆராய்வோம்.

அம்மையார் வாழ்ந்த காலத்தைக் கி.பி. 5 அல்லது 6 ஆம் நூற்றாண்டென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். 7 ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தருக்கு அவர் முற்பட்டவர். அவர் வரலாற்றை நமக்கு விரித்துரைப்பவர் சேக்கிழார் பெருமான். அப்பெருமான் 12 ஆம் நூற்றாண்டில், இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில், 66 செய்யுட்களால் அதனைப் பாடினார். இடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழிந்துள்ளன. அம்மையாரே அருளியவை அற்புதத் திருவந்தாதி வெண்பா 101, திருவிரட்டைமணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டாக 22, ஆக 143 பாடல்கள். இவை பதினோராந் திருமுறையில் உள்ளன. இவற்றுள் எங்கும் அவர் தம் கணவரைப்பற்றியோ, மாங்கனியைப்பற்றியோ, தாம் இழந்த அழகைப்பற்றியோ ஒரு சொல்லும் கூறினாரல்லர். பேசத் தொடங்கிய இளமைமுதலே தம் நெஞ்சம் இறைவன்பாற் சென்றமையை மட்டும் குறிப்பிட்டுத் தம்மைக் காரைக்காற்பேய் என்னும் பெயரால் முத்திரையிட்டு நிறுத்தினார். ஆகவே அவர் அகம் அவர் பாடல்களிலும், அவர் புறவாழ்வு சேக்கிழார் வாக்கிலும் நமக்குக் கிடைக்கின்றன. இரண்டனையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

காரைக்கால் அக்காலத்தில் கடல்வாணிகம் சிறந்த பட்டினம். மரக்கலம் ஏறிப் பொருள் கொணரும் வணிகர் நெருங்கி வாழ்ந்த அவ்வூரில், தனதத்தன் என்னும் வணிகர் தலைவனுக்கு ஒரே மகளாய்த் தோன்றியவர் புனிதவதியார். சிற்றில் இழைத்து விளையாடும் பருவத்திலும் சிவபிரான் புகழ்ச் சொற்களே அவர் விளையாட்டு மொழியில் விரவி வந்தன. சிவனடியாரைக் கண்டால் தொழுதல் அவர்க்கு இயல்பாயிற்று. இவ்வாறு வளருங்கால் அவர் மேனியின் எழிலும் உடன் வளர்ந்தது. சேக்கிழார் அவ்வெழிலைச் சுருங்கக் கூறுகின்றார். மகளிரை அடிமுதல் முடிவரை உறுப்புறுப்பாய்ப் புனைந்து நூறு பாட்டுப் பாடக்கூடிய புலமை அவர்க்கு உண்டு. அவர் அதனைச் செய்யவில்லை. அழகு இருந்தது, அது ஓங்கியது, இல்லின் எல்லையைக் கடவாத பருவம் வந்தது என்ற அளவில் அமைகின்றார். அவ்வழகு பின்னர் என்னாகப் போகின்றது என்பதை உணர்ந்த புலவரின் அடக்கம் அஃதென்று யாம் கொள்கின்றோம்.

பருவம் வந்ததும் பெண் கேட்டு வருதல் உலகியல். நாகப்பட்டினத்து நிதிபதி என்னும் பெருவணிகன் தன் மைந்தன் பரமதத்தனுக்கு மணம் பேச முதியோரை அனுப்பினான். குலம் ஒத்தது, செல்வம் ஒத்தது. திருமணம் காரைக்காலிலேயே நிகழ்ந்தது. தனதத்தனுக்கு வேறு மக்கள் இன்மையால் மகளைப் பிரிய மனமின்றித் தன் மனைக்கு அணித்தாகவே ஒரு மாளிகை அமைத்து, அளவற்ற பொருளும் கொடுத்து, மருகனை அங்கே இருத்தினான். பரமதத்தன் அப்பொருளைக்கொண்டு வாணிகத்தைப் பெருக்கினான். புனிதவதியார் இல்லறத்தின் இயல்பு வழுவாது, வரும் அடியார்க்கு அமுதும் பொன்னும் ஆடையும் வழங்கி வாழ்ந்தார்.

மாங்கனி நிகழ்ச்சி அன்பர்கள் யாவரும் நன்கறிந்தது. பரமதத்தனைக் காணவந்த சிலர் இரண்டு மாங்கனிகளைக் கையுறையாகக் கொடுத்தனர். அவன் அவற்றை இல்லத்துக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவர்க்கு, சோறு வெந்திருந்தும் கறி ஆகாத வேளையில், அம்மையார் ஒரு கனியை இட்டு அமுது செய்வித்தார். நண்பகலில் உண்ணவந்த கணவன் எஞ்சிய கனியைச் சுவைத்து மற்றதனையும் கேட்டான். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைந்து நிற்க, ஒரு கனி அவர் கைக்கு வந்தது. அதன் சுவை முன்னதனின் வேறாயிருத்தலைக் கண்டு கணவன் வினவினான். அம்மையார் உள்ளதை உரைத்தார். அவ்வாறாயின் இன்னொன்று வருவித்துக் காட்டுக என்றான் அவன். வந்த கனி அவன் கையில் இட்டவுடன் மறைந்தது.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதவேண்டுவது. பரமதத்தன் அஞ்சினான். தன்னோடு வாழ்பவர் மானுடப்பெண் அல்லர் என்று துணிந்தான். ஆயினும் அதனை அவர்க்கு வாய்திறந்து உரைத்தானல்லன். மாமனுக்கும் சுற்றத்தாருக்கும் உரைத்தானல்லன். தொடர்பின்றி ஒரே மனையில் சிலநாள் ஒழுகிவிட்டு, கலம் சமைத்துக் கடல்வாணிகத்துக்குப் போவதாகச் சொல்லிப் போய்விட்டான். திரும்பி வந்தவன் பாண்டிநாட்டின் ஒரு பட்டினத்தில் இறங்கி, அங்கே ஒரு வணிகன் மகளை மணந்து, ஒரு பெண்மகவையும் பெற்று, அம்மகவுக்குத் தான் தெய்வமாகக் கருதியவர் பெயரையே இட்டான். அவன் கயவன் அல்லன். அச்சமும் பத்தியும் கலந்த ஒருவகை நேர்மை அவனிடம் உண்டு. ஆனால் காரைக்காலில் காத்திருந்தவர்க்கு அந்நேர்மையால் என்ன பயன்? கணவன் வருவான் என்று மனையறம் பிழையாது நடத்தி, அவன் கண்ணுக்கென்றே அணியும் சாந்தும் மலரும் பேணி, தம் உடலைக் கைப்பொருளைக் காப்பதுபோலக் காத்திருந்தார் புனிதவதியார். அப்பொருளை வேண்டாமென்று விட்டவன் அதனை அவர்க்குத் தெரிவிக்கவும் இல்லை.

பண்டைத் தமிழர் வாழ்வில் மகளிர் ஒப்பனைக்கு ஒரு கணக்கு இருந்தது. கணவன் உடனிருக்குங்கால் அணிதலும், பிரிந்திருக்குங்கால் கூந்தல் முடியாமையும், இறந்தபின் கைம்மை நோன்பில் உடலை ஒறுத்தலும் சங்கச் செய்யுட்களிற் பேசப்படுகின்றன. மூன்று நிலையிலும் பெண்ணின் மேனி அவளுடையதன்று. அது பூப்பதும் வாடுவதும் வேறொருவன் இருப்பைப் பொறுத்தது. புனிதவதியார் நிலையோ இம்மூன்றினுள் ஒன்றிலும் அடங்காதது. கணவன் உளன், ஆனால் கணவனாக இல்லை. கன்னியல்லர், கைம்பெண்ணும் அல்லர். அவருடைய அழகுக்கு அச்சமூகக் கணக்கேட்டில் எழுத இடமில்லாது போயிற்று.

பரமதத்தன் பாண்டிநாட்டில் வாழும் செய்தி காரைக்காலுக்கு எட்டியது. உறவினர் ஆளனுப்பி உண்மையை அறிந்தபின், அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு அவ்வூர் சென்றனர். ஊரருகே ஒரு சோலையில் தங்கி, வந்திருக்கும் செய்தியைச் சொல்லி அனுப்பினர். அவர்கள் எண்ணம் வெளிப்படை: பெண்ணைக் கொண்டுபோய் உரியவனிடம் சேர்த்தல். அவரை அவர்கள் எங்ஙனம் அலங்கரித்து அழைத்துச் சென்றிருப்பர் என்று எண்ணிப் பார்த்தல் நமக்கு எளிது. இன்றும் பிறந்தகம் வந்த பெண்ணைக் கணவன் இல்லத்துக்கு மீட்டும் அனுப்புங்கால் வீட்டுப் பெரியோர் செய்யும் முதற்செயல் தலைவாரிப் பூமுடித்தல்தானே.

பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் அச்சோலைக்கு வந்தான். வந்தவன் அம்மையார் திருவடியில் வீழ்ந்து, அவர் அருளாலேயே தான் வாழ்வதாகவும், இக்குழந்தைக்கு அவர் பெயரையே இட்டிருப்பதாகவும் கூறினான். மனைவி காலில் கணவன் விழக்கண்ட சுற்றத்தார் திகைத்தனர். அம்மையார் அஞ்சி அவர்கள் பக்கம் ஒதுங்கினார். இஃது என்ன செயல் என்று அவர்கள் வினவ, இவர் மானுடர் அல்லர், நற்பெருந் தெய்வம், நீங்களும் வணங்குங்கள் என்று அவன் விடையிறுத்தான்.

அக்கணத்தில் அம்மையார் உள்ளத்தில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் ஒரே செய்யுளில் அடக்குகின்றார். இவன் கொள்கை இதுவாயின், இவன் பொருட்டுச் சுமந்து நின்ற அழகுடைய தசையைக் கழித்து, உன் திருவடியைப் போற்றி நிற்கும் பேய்வடிவை எனக்கு அருள்வாயாக என்பதே அவ்வேண்டுகோளின் கருத்து. இதில் உடலைக் குறிக்கப் பொதி என்னும் சொல்லைச் சேக்கிழார் ஆளுதல் எம் நெஞ்சை நீங்காதது. பொதி வணிகர் சொல். எருதின்மேலும் கழுதையின்மேலும் ஏற்றும் சரக்குமூட்டைக்குப் பெயர் அது. வணிகர் மகளாய்ப் பிறந்து, வணிகன் மனைவியாய் வாழ்ந்து, கொள்வாரும் கொடுப்பாரும் சூழ நின்ற ஒருவர், தம் மேனியழகை உரியவனிடம் சேர்ப்பிக்கவேண்டிய ஒரு சரக்கு என்றே இதுகாறும் பிறர் கருதியதைக் கண்டுகொண்டார். கொள்வோன் வேண்டாமென்று கைகுவித்தபின் சுமந்து நிற்பது எதற்கு? மூட்டையை இறக்கிவைத்தார்.

தசையும் வனப்பும் உதிர, எலும்புருவாகி நின்றார். வானத்தினின்றும் மலர்மாரி பொழிந்தது, துந்துபி முழங்கியது. அலங்கரித்து அழைத்துவந்த சுற்றத்தாரே தொழுது, அஞ்சி, அகன்று போயினர். அந்நிலையில் எழுந்த உணர்வோடு பாடியதே அற்புதத் திருவந்தாதி, அதன்பின் திருவிரட்டைமணிமாலை.

ஈண்டு இருவகையாக அம்மையார் கருத்தைப் பிழைபட உணர்வோர் உளர். பெண்ணுடல் இழிந்தது, அதனால் அவர் அதனை வெறுத்தார் என்பர் ஒருசாரார். கணவன் கைவிட்டமையால் வந்த வெறுப்பும் துயரமுமே அவரை அவ்வாறு வேண்டச்செய்தன என்பர் மற்றொருசாரார்.

முதற்கூற்று நம் சித்தாந்தத்துக்கு முற்றும் மாறானது. தனு கரண புவன போகங்கள் நான்கும் மாயையினின்று இறைவன் உயிர்களின் பொருட்டு ஆக்கித் தருவன. ஆணவ இருளில் அழுந்திய உயிருக்கு அறிவு சிறிது விளங்க உடல் கைவிளக்காய் உதவுகின்றது. வண்ணான் சாணமும் உவர்மண்ணும் இட்டு ஆடையின் அழுக்கைப் போக்குதல்போல, மாயையாகிய மலங்கொண்டு ஆணவமாகிய மலத்தைக் கழுவுகின்றான் இறைவன் என்று ஆசிரியர்கள் உவமை கூறுவர். ஆடை வெளுத்தபின் உவர்மண்ணும் நீரோடு போய்விடும். அதனை எவரும் பகைத்துத் துரத்துவதில்லை. திருமூலநாயனாரும் உடம்பை முதலில் இழிவென்று எண்ணி, பின்னர் அதனுள்ளே உறையும் உத்தமனைக் கண்டு அதனைப் பேணலானமையைத் தம் திருமந்திரத்திற் கூறியுள்ளார். அன்றியும், உடலே இழிந்ததென்று கருதியிருந்தால் அம்மையார் உடலற்ற நிலையையன்றோ வேண்டியிருத்தல் வேண்டும்? அவர் வேண்டியது வேறோர் உடல். நாவும் கையும் காலும் உடையது. பாடவும் தாளமிடவும் நடக்கவும் வல்லது. அதுவும் பெண்ணுடலே. தம் பதிகத்தில் அவர் தம்மையொத்த காட்டுப்பேயை வருணிக்குங்கால் பெண்பேய் என்றே கூறுகின்றார். பெண்மையை அவர் விட்டாரல்லர், விலைமதிப்பையே விட்டார்.

இரண்டாங் கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். கணவன் செயல் ஒரு வாயிலாயிற்று என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. இளமையும் அழகும் உடைய பெண்ணொருத்தி தனியே நாடும் காடும் கடந்து செல்லுதல் அக்காலத்தும் இக்காலத்தும் எளிதன்று, ஆதலின் பேயுரு அவர்க்குக் காவலாயிற்று என்று சிலர் கூறுவதையும் யாம் புறக்கணிக்கவில்லை. கன்னடநாட்டில் 12 ஆம் நூற்றாண்டில் விளங்கிய அக்கமகாதேவியார் அழகை விடாமல் ஆடையை விட்டுக் கூந்தலே போர்வையாகச் சென்றனர் என்பதும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. ஆயினும் துயரத்தால் வேண்டியவர் சாவை வேண்டுவர். அம்மையார் தொழிலை வேண்டினார். இறைவன் திருவடிக்கீழ் நின்று போற்றுதலே அத்தொழில். வினையொப்பும் மலபரிபாகமும் எய்தி, சத்திநிபாதம் நிகழ்ந்த உயிர்க்கு உலகத் தொடர்பு ஒரு கணத்தில் தானே கழலும் என்பது நூற்றுணிபு. பரமதத்தன் வீழ்ந்து வணங்கியது அக்கணத்துக்கு வாயில் திறந்தது. உள்ளே இருந்தது முன்னமே பழுத்திருந்தது.

மூத்த திருப்பதிகங்கள் இரண்டனுள் முதலாவது நட்டபாடைப் பண்ணிலும், மற்றது இந்தளத்திலும் அமைந்தவை. முதற்பதிகத்தின் தொடக்கத்தில் ஆலங்காட்டுப் பெண்பேயின் உருவம் வருகின்றது. வற்றிச் சுருங்கிய மார்பு, புடைத்த நரம்பு, பள்ளமாய்ப்போன கண், வெளித்தோன்றும் பல், குழிந்த வயிறு, செம்பட்டை மயிர், நீண்டு வறண்ட கால் என இவையெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சொல்லப்படுகின்றன. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று மகளிர் உறுப்புக்களை வரிசைப்படுத்திப் புனைதல் தமிழ்ப்புலவர்க்குப் பழகிய வழக்கு. மார்புக்கு இன்னது உவமை, கண்ணுக்கு இன்னது உவமை, கூந்தலுக்கு இன்னது உவமை என்று வாய்பாடே உண்டு. அம்மையார் அதே உறுப்புக்களை எடுத்துக்கொண்டு, உவமை ஒன்றும் இன்றி, உள்ளவாறே கூறிவிடுகின்றார். ஆடவர் கண்ணுக்காக அமைந்த வாய்பாட்டை ஒரு பெண் தம் கையால் தலைகீழாக்கிய முதல் தமிழ்ச்செய்யுள் இதுவே என்று கூறினால் அது மிகையாகாதென்பது எம் கருத்து. அதில் அருவருப்பு இல்லை, இரக்கமும் இல்லை. அக்காட்டில் இறைவன் எட்டுத்திசையும் சடைவீச ஆடுகின்றான், அப்பேயும் அங்கே இருக்கின்றது. அவ்வளவே.

இனி, அம்மையார் கயிலைக்குச் சென்ற வரலாறு. வழியிலே அவரைக் கண்டவர் அஞ்சி ஓடினர். சிலர் வியந்து ஊரிற் போய்ப் பிறர்க்குச் சொல்லினர். அதுகேட்ட அம்மையார், அண்டர்நாயகர் என்னை அறிவாராயின், மெய்யறிவில்லாத மக்களுக்கு நான் எவ்வுருவாய்த் தோன்றினால் என்ன என்னும் கருத்தினராய் மேலே நடந்தார். அம்மையார் வரலாறு முழுவதிலும் பிறர் பார்வையைப்பற்றி அவர் நினைந்ததாக வருவது இவ்வோரிடமே. முன்னே அழகியென்று பார்த்த கண்களும், இப்பொழுது பேயென்று அஞ்சி விலகும் கண்களும் ஒரே கண்கள்தாம். முன்னவற்றை அவர் நம்பியிருந்தால் பின்னவற்றுக்கு அவர் அழுதிருக்க நேர்ந்திருக்கும்.

இவ்விடத்தே எம் காலத்துச் செய்தி ஒன்றைக் கூறாது செல்ல மனம் வரவில்லை. மேனியை வெளுப்பிக்கும் என்ற உறுதிமொழியோடு 1975 முதல் இந்நாட்டில் விற்கப்பட்டுவந்த முகப்பூச்சு ஒன்று, 2020 இல் தன் பெயரினின்றும் வெண்மை குறித்த சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறியது; டப்பி கடைகளில் இருந்துகொண்டே இருந்தது. மணமகள் தேவை என்று விளம்பரம் செய்வோருள் நாள்தோறும் நீறணிந்து திருமுறை ஓதும் குடும்பத்தாரும் உளர். சிவந்த மேனி வேண்டும் என்று அவர்களும் எழுதுகின்றனர். நிறங் குறைந்தவள், பருத்தவள், பல் எடுப்பானவள் என்று பார்க்கவந்தவர் சொல்லிப்போன சொல்லைப் பல ஆண்டு நெஞ்சிற் சுமந்து, கண்ணாடி முன் நிற்கவே கூசும் பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். பங்குனிச் சுவாதியில் அம்மையார் குருபூசையைச் சிறப்பாக நடத்தும் நாமே இதனையும் செய்கின்றோம். பேயுருவுக்குத் தீபங்காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, மருமகளின் நிறத்தைப்பற்றிப் பேசுகின்றோம்.

கயிலைக்கு அணித்தாகச் சென்றதும், இறைவன் மலையைக் காலால் மிதித்தல் தகாதென்று, அம்மையார் தலையால் நடந்து ஏறினார். அக்காட்சியைக் கண்ட உமையம்மையார் வியந்து, எலும்புருவாய் அன்போடு வரும் இவர் யாவர் என வினவினார். தம்மைப் பேணும் அம்மை இவர் என்றும், இப்பெருமை பொருந்திய வடிவை இவரே வேண்டிப் பெற்றனர் என்றும் இறைவர் அருளினார். அங்கே அழகின் முழுமையாகிய பராசத்தி ஒருபால் இருக்கின்றார். எதிரே வற்றலாகிய எலும்புரு நிற்கின்றது. அம்மை என்ற பெயர் உலகெலாம் ஈன்றும் கன்னியாய் விளங்கும் அவர்க்கே உரியது. அப்பெயரை அவர் கேட்ப, இறைவர் இவர்க்குக் கொடுத்தார். தாயிலியாகிய பெருமான் அம்மையே என்று அழைக்க, இவர் அப்பா என்று அடியில் வீழ்ந்தார். நிறமும் உருவும் நோக்கித் தாயைத் தெரிவார் எவருமில்லை. பெற்ற குழந்தைக்குத் தாயின் முகம் எத்தகையதாயினும் அழகே.

அவ்விறைவன் கோலத்தையும் எண்ணுதல் வேண்டும். சாம்பற்பூச்சும், சடையும், பாம்பும், என்புமாலையும், தலையோடும், சுடலையும் உடையவன் அவன். தக்கன் அவனை மருகனாகக் கொண்டு பின் இகழ்ந்ததும் இக்கோலம் பற்றியே. அவனைப் பேரழகன் என்று அருளாளர் பாடுகின்றனர். என்பணிந்த பெருமான் திருமுன்னர் என்பே உருவாக ஒருவர் வந்து நிற்பது பொருந்தாமையாகுமோ? உலகத்தார்க்குப் பொருந்தாத இருவர் ஒருவர்க்கொருவர் பொருந்தினர்.

வேண்டுவது யாது என இறைவர் வினவ, அம்மையார் பிறவாமையையும், பிறப்பு உண்டாயின் மறவாமையையும், அவர் ஆடும்பொழுது அடிக்கீழ் இருத்தலையும் வேண்டினார். திருவாலங்காட்டில் தம் ஆடலைக் கண்டு இன்புற்றிருக்குமாறு இறைவர் பணித்தருளினார். அம்மையார் அங்கும் தலையாலே நடந்து சென்று சேர்ந்தார். அரக்கோணத்துக்கு அணித்தாகிய அத்தலம் ஐந்து சபைகளுள் இரத்தினசபை. இருமூத்த திருப்பதிகங்களும் அங்கே பிறந்தன.

சிற்பிகள் இவ்வரலாற்றைக் கைவிட்டாரல்லர். 11 ஆம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில், ஆடும் பெருமான் திருவடிக்கு அருகே அம்மையார் எலும்புருவாய் அமர்ந்திருக்கின்றார். அதற்கும் முன்னே, 967 இல் குடமுழுக்குப்பெற்ற காம்போச நாட்டுப் பந்தேசிரீ கோயிலிலும் கூத்தப்பெருமான் பக்கத்தில் தளர்ந்த மார்போடு ஒரு பெண்ணுரு செதுக்கப்பட்டுள்ளது. அதனை அம்மையார் என்றே அறிஞர் கொள்கின்றனர். நியூயார்க்குப் பெருநகர்க் கலைக்காட்சிச்சாலையில் 13 ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரு செப்புத்திருமேனி இருக்கின்றது. ஒரு சாண் உயரமே உடையது. விலாவெலும்பு எண்ணத்தக்கவாறு தெரிய, கையில் தாளம் ஏந்தி, முகம் முழுதும் களிப்போடு அமர்ந்த கோலம். சோழநாட்டுச் சிற்பி அவ்வெலும்புக்குப் போர்வை போர்த்தவில்லை. முதுகையும் தோளையும் பேரன்போடு வார்த்திருக்கின்றான். பிற்காலத்தார்க்கே அவ்வுறுதி குறைந்தது. அச்சுப்படங்களில் அம்மையார் நரைத்த மூதாட்டியாகின்றார். 1973 இல் வெளிவந்த திரைப்படத்திலும் அவர் திருநீறணிந்த முதியவராகவே காட்டப்பெற்றார். மூப்பை உலகம் பொறுத்துக்கொள்ளும். இளம்பெண் ஒருத்தி தன் அழகைத் தானே உதறினாள் என்பதைப் பொறுத்துக்கொள்ளுதல் அரிதாகின்றது போலும்.

காரைக்காலில் ஆனித்திங்களில் மாங்கனித்திருவிழா நடைபெறுகின்றது. பிச்சாடனமூர்த்தி வீதியுலா வருங்கால் மாடங்களினின்றும் மாங்கனிகளை வீசுவர். மக்கள் அவற்றை ஏந்திக்கொள்வர். அவ்விழாவில் புனிதவதியார் மணக்கோலத்தோடு எழுந்தருளுகின்றார். பிறந்த ஊர் அவரை மணப்பெண்ணாகவே நினைவில் வைத்திருக்கின்றது. அதில் ஓர் உரிமை உண்டு, குறைகூறுதற்கில்லை. ஆலங்காடு அவரைப் பேயாராகவே வைத்திருக்கின்றது. சுந்தரமூர்த்திகளும் திருத்தொண்டத்தொகையில் அவரைக் குறிக்கும்போது பேயார் என்றே குறித்தார்.

திருஞானசம்பந்தர் தொண்டைநாட்டில் தலங்கள்தோறும் வணங்கி வருங்கால் திருவாலங்காட்டை அணுகினார். அம்மையார் தலையால் நடந்த மண் அதுவென்று நினைந்தார். தம் காலால் அதனை மிதிக்க அஞ்சினார். ஊருட் புகாமல் அயலே தங்கி அன்றிரவு துயின்றார். ஆலங்காட்டு இறைவன் கனவில் தோன்றித் தம்மைப் பாட மறந்தனையோ என வினவ, அப்பிள்ளையார் விழித்தெழுந்து, இருந்த இடத்திலிருந்தே பதிகம் பாடினார்.